கண்ணாடி விரியன்

பினாங்கு லிட்டில் இந்தியா. பிரேம் போடும் கடை. சுவர் முழுக்க முருகன்.

"இது கண்ணாடி விரியன், அண்ணே."

"நான் இன்னும் கண்ணாடியே போடவில்லை. அதற்குள் விரியும் என்றால் எப்படி, தம்பி? இருபது வருடமாக என் கடைக் கண்ணாடி விரிந்ததே இல்லை."

"பாம்பின் பெயரைச் சொன்னேன்."

"ஓ, நாகம்மாவா? அப்படியானால் கீழே சந்தனம் வைக்க இடம் விட்டு அடிக்கிறேன். சின்ன சிவப்பு லைட், ஐந்து வெள்ளிதான்."

"சாமி படம் இல்லை அண்ணே. 1796-இல் லண்டனில் வந்த புத்தகத்தின் தாள். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி பேட்ரிக் ரஸ்ஸல் எழுதியது. கிழக்கிந்தியக் கும்பினியில் வேலை பார்த்த வைத்தியர். இங்கிலீஷில் இந்தப் பாம்புக்கே அவர் பெயர்தான்."

"அவரே பிடித்தாரா?"

"ஊர்க்காரர்கள் பிடித்துக் கொடுத்திருப்பார்கள்."

"கடி வாங்குகிறவன் ஒருத்தன், பெயர் வாங்குகிறவன் ஒருத்தன். சரி, ஓரமெல்லாம் பழுப்பாக இருக்கிறது, வெட்டிவிடுகிறேன். சுற்றி ஏதோ பள்ளம் விழுந்திருக்கிறது, இஸ்திரி போட்டால் போய்விடும்."

"ஐயோ! அது செப்புத் தகட்டின் தடம். தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசி, தாளை வைத்து அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு அப்படிப் பதியும். வண்ணம் பிறகு கையால் தீட்டியது. அந்தத் தடம் போனால் ஒரிஜினல் என்று யார் நம்புவார்கள்?"

"மீதி எங்கே?"

"எது?"

"புத்தகம்."

"அது... தாள் தாளாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அப்படி விற்றால்தான் காசு."

"உனக்கு எவ்வளவு?"

"எண்ணூறு வெள்ளி."

"போன மாதம் என் மகன் பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தான். என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து, புதுப் புத்தகம் வாங்கிக் கொடு என்றார்கள். பையனுக்கு நல்ல தொழில் கைவந்திருக்கிறது, நான்தான் அடித்துவிட்டேன்."

"இது ஆன்டிக் அண்ணே..."

"நான் ஓரத்தை வெட்டினால் ஐயோ. அவன் புத்தகத்தையே வெட்டினால் ஆன்டிக். இருநூறு வருடமாகக் கரையான்கூட விட்டு வைத்த புத்தகம்!"

"சரி, பிரேம் எவ்வளவு?"

"எண்பது."

"எண்பதா? கொஞ்சம் குறையுங்கள் அண்ணே."

"பாம்புக் கோயிலுக்குப் போ. உயிரோடவே இருக்கிறது, சும்மாவே பார்க்கலாம்."

"அங்கே இருப்பது குழிவிரியன். இது கண்ணாடி விரியன்."

"விரியாது என்று எத்தனை தரம் சொல்வது?"

"எண்பதே தருகிறேன். ஓரத்தை மட்டும் வெட்டாதீர்கள்."

"வெட்டவில்லை. அதுவும் நல்லதுதான். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள். சந்தனம் வைக்கவும் இடம் கிடைத்துவிட்டது."