அட்வான்ஸ் எங்கள் லாபம் இல்லை

பிறந்தநாள் விழா எடுத்துச் செய்யும் ஒரு பெண் அட்வான்ஸை அமுக்கிவிட்டாள் என்று திட்டும் வாய்ஸ் நோட் ஒன்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் அதே பார்ட்டி பிளானிங் தொழில்தான் செய்கிறேன், பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு எனக்குச் சித்தி முறையான ஒருவரே அதை அனுப்பி, "உங்க தொழில்ல இப்படித்தான் பண்ணுவீங்களாம்மா?" என்று கேட்டார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். குழந்தையின் முதல் பிறந்தநாள். 60,000 ரூபாய்க்குப் பேசி, 30,000 அட்வான்ஸ். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "வேண்டாம், வீட்டோட வச்சுக்கிறோம்" என்று ரத்து செய்கிறார்கள். முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்கிறார்கள். 8,000 தான் கையில் இருக்கிறது, அதைத் தருகிறேன் என்று அந்தப் பெண் சொல்ல, "நாலு பலூன் ஊதுறதுக்கு மொத்தத்தையும் அமுக்கிட்டா" என்று பேசி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அதன் கீழே வந்த வசவுகளை எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பின்னால் தொழிலுக்கு வந்தவள். சீசன் நேரத்தில் ஸ்டாண்டு, துணி பற்றாமல் போனால் என் கடையில்தான் வாங்கிப் போவாள். அடுத்த நாளே துடைத்துக் கொண்டுவந்து வைப்பாள். அவளைத்தான் திருடி என்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அட்வான்ஸ் எங்கள் லாபம் இல்லை. அது உங்கள் விழாவின் செலவு. அதில் பெரும்பகுதி எங்கள் கையில் ஓர் இரவுகூடத் தங்குவதில்லை.

60,000 ரூபாய் பிறந்தநாள் ஒன்றில் என்னென்ன இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? பேக்டிராப், துணி, பலூன், பெயர் கட் அவுட், ஸ்டாண்டு வாடகை எல்லாம் சேர்த்து 14,000. பூ 9,000. சவுண்டு, லைட் 8,000. ரிட்டர்ன் கிஃப்ட் 60 பேருக்கு 6,000. ஆறு பையன்களுக்குத் தலைக்கு 900 கூலி, அது 5,400. கேக் 4,500. குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்க 3,000. கூட்டிப் பாருங்கள், 49,900 வரும். மீதி 10,100. கடை வாடகை, போன், கிழிந்த துணி, விழா அன்று பிள்ளைகள் உடைத்த ஸ்டாண்டு எல்லாம் அதற்குள்தான். இது முகூர்த்தம் இல்லாத நாள் கணக்கு. தை மாத முகூர்த்தத்தில் மல்லிகை கிலோ 2,000, 3,000 என்று ஏறும்போது பூக்காரத் தெருவில் நின்று பாருங்கள். பேசிய தொகையை நாங்கள் ஏற்ற முடியாது. ஏறியது எங்கள் தலையில்தான்.

இப்போது அந்த 30,000 எங்கே போனது என்று பாருங்கள். குழந்தையின் பெயரும் படமும் அச்சடித்த ரிட்டர்ன் கிஃப்டுக்கு 6,000. கட் அவுட், பலூன், புதுத் துணிக்கு 9,000. சவுண்டு, லைட்காரருக்கு முன்பணம் 4,000. பூவுக்கு முன்பணம் 3,000. ஆகமொத்தம் 22,000. மீதி 8,000. அதைத்தான் தருகிறேன் என்றாள். ஒரு மாதம் அலைந்ததற்கும், ராத்திரி பதினொரு மணிக்கு "பிங்க் வேண்டாம், லாவெண்டர் பண்ணுங்க" என்று வந்த செய்திக்கெல்லாம் பதில் சொன்னதற்கும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் அச்சடித்த டப்பாவை அவள் யாருக்கு விற்பாள்?

"காசு இல்லாமல் எதற்குத் தொழில் தொடங்குகிறீர்கள்? முதல் போட்டுச் செய்ய வேண்டியதுதானே?" இது அங்கே அதிக லைக் வாங்கிய கருத்து. எழுதியவர் நன்றாகப் படித்தவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

முதல் எங்கிருந்து வரும், சொல்லுங்கள். சிறு தொழில் கடனுக்கான முத்ரா திட்டம் 2015-இல் வந்தது. அதில் சிசு என்ற பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை. சொத்துப் பிணை வேண்டாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களை மாதிரி ஆள் வங்கியில் போய் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "என்ன மெஷின் வாங்கப் போறீங்க? கொட்டேஷன் கொண்டு வாங்க." பார்ட்டி பிளானிங்கில் என்ன மெஷின்? பலூன் ஊதும் பம்பும் புகை மெஷினும் சேர்த்தாலே சில ஆயிரம்தான். எங்களுக்கு வேண்டியது ஓட்டத்துக்கான பணம். பூக்காரருக்கு இன்று, சவுண்டுகாரருக்கு நாளை, பையன்களுக்கு விழா முடிந்த இரவு. அந்தப் பணத்தையும் முத்ராவில் தரலாம். ஆனால் என் எதிரே உட்கார்ந்திருந்தவர், "நிலையான வருமானம் இல்லையேம்மா" என்று கோப்பை மூடிவிட்டார். கூடவே, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றும் கேட்டார்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு காட்டலாம். பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து, பிறகு கடனில் கழியும். அதுவரை மாதத் தவணை கட்ட வேண்டியது யார்? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான்.

அப்புறம் நாங்கள் எங்கே போவோம்? நகையை வைப்போம். மகளிர் குழுவில் வாங்குவோம். என் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கெல்லாம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடும். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டில் இருக்கும். அவர்கள் விருந்து வைக்கும்போது அதைக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. ஆழ்குழாய்க் கிணறும், கடையும், பிள்ளைகள் படிப்பும் அந்த நோட்டை நம்பியே நடந்த ஊர். எங்கள் அம்மா வாங்கிய மொய்யில் ஒரு பங்கை என் தொழிலுக்குக் கொடுத்தார்கள். நான் முதன்முதலாக வாங்கிய இரும்பு ஸ்டாண்டுகளும் துணிகளும் அந்தப் பணம்தான். மறந்துவிடாதீர்கள், அது முழுக்கத் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். யார் வீட்டு விருந்து எப்போது வருகிறதோ அப்போது நான் பணத்தோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் தலைகுனிவு எனக்கில்லை, எங்கள் அம்மாவுக்கு.

முதல் இல்லாமல் தொழிலுக்கு வந்தோம் என்கிறீர்களே, இதற்குப் பெயர் என்ன? வங்கி கொடுக்காததை ஊர் கொடுத்தது. அந்தப் பணத்தை உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நான் எதற்காக முடக்க வேண்டும்? செலவு உங்களுடையது, அதனால் அட்வான்ஸும் உங்களுடையது.

இன்னொன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சித்திரை, வைகாசிக்கு எழுதியிருந்த விழாக்கள் எல்லாம் நின்றுபோயின. கொடுத்தவர்கள் அட்வான்ஸைக் கேட்டார்கள். நாங்கள் சவுண்டுகாரரிடமும் பூக்காரரிடமும் கொடுத்தது திரும்பி வரவில்லை. அவர்களுக்கும் வழி இல்லை. நான் வளையலை வைத்து, சிறுகச் சிறுக எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன். அதை யாரும் வாய்ஸ் நோட் போட்டு ஊருக்கு அனுப்பவில்லை.

"வீட்டில் துக்கம் என்றால்கூடத் தர மாட்டீர்களா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. துக்கம் என்றால் நான் தேதியை மாற்றித் தருகிறேன், அந்த முன்பணத்தையே அடுத்த விழாவுக்கு வைத்துக்கொள்கிறேன். எங்களில் பலர் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் இங்கே துக்கம் எதுவும் இல்லையே. வீட்டோடு வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். எந்தத் தொழிலில் இல்லை?

"சட்டப்படி முழுதும் தந்தாக வேண்டும்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 73, 74 ஆகிய பிரிவுகளைப் படித்துவிட்டு வாருங்கள் ஐயா. ஒப்பந்தத்தை முறித்தவரிடம், மற்றவர் நியாயமான இழப்பீடு பெறலாம் என்றுதான் இருக்கிறது. அவள் இழப்பீடுகூடக் கேட்கவில்லை, செலவானதை மட்டும்தான் கழித்தாள். வரிக் கணக்கும் சொல்கிறேன். வருட வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி, எங்கள் சேவைக்கு 18 சதவீதம். பதிவு செய்திருந்தால் அட்வான்ஸ் வாங்கிய மாதத்துக் கணக்கிலேயே அதற்கு வரி கட்ட வேண்டும். விழா ஆறு மாதம் கழித்து என்றாலும் சரி. அரசாங்கத்துக்கு அது வந்த பணம். உங்களுக்கு மட்டும் அது எங்கள் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் உங்கள் பணம்.

கம்பெனி விழாக்கள் இன்னும் மோசம். ஆண்டு விழாவைச் செய்து முடித்துவிட்டுப் பில்லைக் கொடுத்தால், 'அக்கவுண்ட்ஸ்ல இருக்கு' என்ற பதிலிலேயே மாதங்கள் ஓடும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் போட்டாயிற்று. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். எடுத்துச் சொன்னால் அடுத்த விழா நமக்கு வராது.

என் மனதில் உறுத்துவது வேறு. அந்த வீட்டார் மண்டபத்துக்கும் முன்பணம் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ரசீதின் பின்னால் 'முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்ததாம், அதோடு சரி. மண்டபத்துக்காரரைப் பற்றி ஒரு வாய்ஸ் நோட் வந்ததா? வராது. அவர் பெரிய மனிதர், நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். இவள் ஸ்கூட்டியில் வருகிற பெண். முகத்துக்கு நேரே திட்டலாம், ஊருக்கும் அனுப்பலாம். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று எழுதியவர்களில் இரண்டு பேர் என்னிடமே வளைகாப்பு செய்துகொண்டவர்கள். அன்றைக்கு "உன்னை மாதிரி பொண்ணு வேணும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தலைப் பிரித்து, குப்பையை அள்ளி, விடிகாலை வீட்டுக்குப் போகிற பெண்ணைப் பார்க்கும்போது வராத கேள்வி, அவள் தன் செலவைக் கேட்டதும் எப்படி வந்தது?

தொழிலுக்குப் புதிதாக வருகிற தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மண்டபத்துக்காரர் மாதிரி நீங்களும் எழுதி வாங்குங்கள். நான் இனி பதிவின்போது பாதி, ஒரு வாரம் முன்பு 40 சதவீதம், விழா அன்று மீதி என்று வாங்கப் போகிறேன். ரத்து செய்தால் என்ன திரும்பும், என்ன திரும்பாது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உறவினர் என்றாலும் அதில் கையெழுத்து உண்டு, சித்திக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கம் வேண்டுகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.