எந்த ஊர் நெல் என்று கேட்டது தப்பா?

பெங்களூரில் 480 ரூபாய்க்குச் சாப்பிட்ட கடையில், சோறு எந்த ஊர் நெல் என்று கேட்டும் பதில் வரவில்லை என்று முந்தாநாள் நான் போட்ட நாலு வரிக்கு இவ்வளவு வசவு வரும் என்று நினைக்கவில்லை. "480 ரூபாய் கொடுக்க மனசில்லாதவன் அந்தக் கடைக்குள்ளே ஏன் போனே?" என்று கேட்டவர்களில் இரண்டு பேர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

காசைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சாப்பாடும் நன்றாகவே இருந்தது. கூட்டிக்கொண்டு போன அக்கா மகள் பூசணிக்காய்க் கூட்டை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். என் வருத்தம் விலையில் இல்லை. வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள். அதில் சாக்பீஸில் ஏர், இரண்டு மாடு, தலைப்பாகை கட்டிய ஓர் ஆள். கீழே 'ஃபார்ம் டு டேபிள்', அதாவது பண்ணையிலிருந்து நேராகச் சாப்பாட்டு மேசைக்கு. மெனு அட்டையில், மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரியச் சிவப்பு அரிசி, எங்கள் விவசாயிகளிடமிருந்து நேரடியாக வருகிறது என்று எழுதியிருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்த ஊர் விவசாயி?

பரிமாறிய தம்பிக்குத் தெரியவில்லை, மேலாளரைக் கூட்டி வந்தான். "லோக்கல் ஃபார்ம்ஸ் சார்" என்றார். எந்த லோக்கல் என்றேன். "டேஸ்ட் பிடிக்கலையா சார்? வேற மாத்தித் தரச் சொல்லவா?" என்றார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஊர்ப் பெயரைக் கேட்டால் ருசியில் குறை சொல்வதாகத்தான் அவருக்குப் படுகிறது. கை கழுவப் போனபோது அந்தத் தம்பி, தமிழ்ப் பையன், மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, மூட்டையில அரிசிக் கடைக்காரர் பேர் மட்டும்தான் இருக்கும்." எந்தக் கடை என்று இங்கே வந்து கேட்காதீர்கள். அவன் வேலைக்கு உலை வைக்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வீட்டுக் கதை பழைய நண்பர்களுக்குத் தெரியும். அப்பா, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போய் 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி வந்தார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே கணக்கு. கொடுத்தார். மூன்று வருஷம் போட்டார். ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற பயிர், ஆள் உயரம் வளரும். மார்கழி மழையில் ஒரு காற்று அடித்தால் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். சாய்ந்த பயிரை மெஷினை விட்டு அறுத்தால் பாதி வயலிலேயே கொட்டிப் போகும். ஆள் வைத்துத்தான் அறுக்க வேண்டும். அறுத்தோம். ஒரு வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போனார், பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தார், கடைசித் தவணை வரவே இல்லை. சாக்கில் அச்சடித்திருந்தது அவர் பெயர். அப்பா பெயர் எங்கேயும் இல்லை. நாலாவது வருஷம் அப்பா ஏடிடி 43 என்ற குறுகிய கால நெல் ரகத்துக்குப் போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள், எந்த ஊர் என்று நான் கேட்டது தப்பா?

"ரோட்டோர மெஸ்ஸில் போய் இப்படிக் கேட்பாயா?" என்று ஒருவர். கேட்க மாட்டேன். மெஸ் அக்கா வாசலில் விவசாயி படம் வரைந்து வைக்கவில்லை. சொன்னவரிடம்தானே கேட்க முடியும்?

"தினம் தினம் மெனுவில் ஊர்ப் பெயர் மாற்றி அச்சடிக்க முடியுமா?" அச்சடிக்கவே வேண்டாம். கரும்பலகை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்குப் பேர் போன கடை அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-இல் தொடங்கிய ஷே பனீஸ். அங்கே பழம் வந்த தோட்டத்தின் பெயரை மெனுவிலேயே போடுகிறார்கள். அதே அமெரிக்காவில் 2016-இல் டாம்பா பே டைம்ஸ் பத்திரிகையின் உணவு விமர்சகர், தன் பகுதிக் கடைகளின் மெனுவில் பெயர் இருந்த பண்ணைகளுக்கே ஒவ்வொன்றாகப் பேசி, நீங்கள் அந்தக் கடைக்குச் சரக்கு தருகிறீர்களா என்று விசாரித்தார். பல பண்ணைகள் இல்லை என்றன. அவர் கேட்டதும் இதே கேள்விதான்.

"இந்த மாதிரிக் கடைகளால்தான் பாரம்பரிய நெல்லே பிழைத்திருக்கிறது" என்பதும் ஒரு வாதம். சரி, கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டு அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய், அதாவது 40 கிலோ மூட்டை 1,000 ரூபாய். மாப்பிள்ளைச் சம்பாவுக்கென்று அங்கே தனி விலை கிடையாது. என் தட்டில் இருந்த சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்று வையுங்கள். அதற்கு 160 கிராம் நெல் வேண்டும். 4 ரூபாய். வெளியில் இரட்டை விலைக்கு விற்றிருந்தாலும் 8 ரூபாய். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் உண்டு, தெரியும். மீதி 472-இல் நான் பங்கு கேட்கவில்லை. பெயரைக் கேட்டேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

உண்மையில் எனக்குக் கோபம் அந்த மேலாளர் மேல்கூட இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். "விவசாயி மகன்னு எத்தனை நாளைக்குத்தான் சொல்லிக்கிட்டு இருப்பே, நீயே ஊரில் இல்லையே" என்று எழுதினானே, அவன் மேல்தான். ஆமாம், நான் ஊரில் இல்லை. அக்கா மகளும் இல்லை. அறுப்புக் கூலிக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போன வருஷம்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அது அவனுக்கும் தெரியும், அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டவனே அவன்தான்.

அன்று ராத்திரி தட்டுப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் போல, பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார்.

"சிவப்பா இருக்கு, நல்லா வெந்திருக்கு. எந்த ஊரு நெல்லுன்னு கேட்டியா?"

"கேட்டேம்ப்பா."

"என்ன சொன்னாங்க?"

கூட்டு நன்றாக இருந்தது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.