பூசணிக்கு முன்னால் டர்னிப்

அக்டோபர் 31 இரவுப் பேய்ப் பண்டிகையான ஹாலோவீன் முழுக்க அமெரிக்க மிட்டாய்க் கம்பெனிகளின் வேலை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். மிட்டாய் வியாபாரம் சரி, பண்டிகை அயர்லாந்துச் சரக்கு. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் 'சௌவின்' நாள் அது. அன்றிரவு ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாளானதும் முந்தைய இரவுக்கு 'புனிதர்கள் திருநாளுக்கு முந்தைய மாலை' என்று பொருள்படும் இப்போதைய பெயர் ஒட்டிக்கொண்டது.

முகம் குடைந்து விளக்கு வைக்கும் பூசணியும் பிற்பாடு வந்ததுதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள். சுருங்கிய முகம், குழி விழுந்த கண், கோணல் பல். அதற்குப் பக்கத்தில் இன்றைய பூசணி கைக்குழந்தை மாதிரி சிரிக்கும். 1840களின் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களுக்கு அங்கே பெரிதாக, குடைய லேசாகப் பூசணி கிடைத்தது. அப்புறம் டர்னிப்பை யார் சீந்துவார்கள்?

ஹாலோவீனுக்குச் சாப்பிடும் பார்ம்பிராக் ரொட்டியை விட்டுவிட்டீர்களே! உலர்திராட்சை போட்ட ரொட்டிக்குள் மோதிரத்தை ஒளித்துவைப்பார்கள். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம். கந்தல் துணி வந்தால் வறுமை. இன்றும் அயர்லாந்துக் கடைகளில் மோதிரத்தோடு விற்கிறார்கள், பல் பத்திரம்.