எந்த டெல்லி ஐயா?

"டெல்லி மறுப்பு" என்று செய்தித் தலைப்பு. யார் மறுத்தது? மத்திய அரசா, கோடு போட்டுப் பிரித்த டெல்லி யூனியன் பிரதேசத்தின் அரசா? உள்ளே நாலு பத்தி படித்தால்தான் தெரியும். "டெல்லி போலீஸ்" இன்னும் மோசம். பெயரில் டெல்லி, ஆனால் டெல்லி முதல்வருக்குக் கட்டுப்படாது, மத்திய உள்துறை அமைச்சகத்திடம்தான் கைகட்டும். 1991-இல் அரசியலமைப்பில் 69-ஆவது திருத்தம் போட்டு டெல்லிக்குச் சட்டமன்றம் கொடுத்தவர்கள் காவல்துறையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். திட்டு மட்டும் யாரோ ஒருவருக்கு விழுகிறது!

நாட்டின் தலைநகரம் புது டெல்லி. 1931-இல் திறந்துவைத்த அந்த நகரம், டெல்லி யூனியன் பிரதேசத்தின் மொத்தம் 1,483 சதுர கிலோமீட்டரில் ஒரு மூலை. நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடுவோம். "பையன் டெல்லியில் வேலை பார்க்கிறான்" என்பார்கள். விசாரித்தால் குருகிராம். அது ஹரியானா! இன்னொருவர் நொய்டா, உத்தரப் பிரதேசம். சரி, அதையாவது விட்டுவிடலாம்.

ரயிலேற்ற வருகிறவர்கள் "டெல்லி ஸ்டேஷன்" என்று மொட்டையாகச் சொல்லும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. புது டெல்லியா, பழைய டெல்லியா, நிஜாமுதீனா, ஆனந்த் விஹாரா? அதைச் சொல்லித் தொலையுங்களேன்.