வெள்ளைத் தேயிலையின் விலையும் எங்கட கிணத்துத் தண்ணியும்

வெள்ளைத் தேயிலை பல மடங்கு விலை விக்கிறது விளம்பரத்தால்தான் எண்டு கட்டுரையில எழுதியிருக்கிறியள். நான் அதை ஏற்க மாட்டன். சில்வர் டிப்ஸ் எண்ட வெள்ளைத் தேயிலைக்கு விரியாத மொட்டை மட்டும் கையால கிள்ளி, சுருட்டாமல் காயவைச்சு எடுக்கினம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுற சாதாரண தேயிலைக்கே ஒரு கிலோ தூளுக்கு நாலரை, ஐஞ்சு கிலோ பச்சைக் கொழுந்து வேணும். வெறும் மொட்டில ஒரு கிலோ சேர்க்கிற கைகளை நினைச்சுப் பாருங்கோ! 2024இல இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிச்ச அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். விலையைப் பற்றிக் கதைச்சால் இதையும் கதைக்க வேணும்.

வெள்ளைத் தேயிலை மட்டுமில்லை, இலங்கை மலைநாட்டு ஊவாவில ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை, வறண்ட காத்தடிக்கிற காலத்துக் கொழுந்துக்கும் தனி வாசம்.

ஆனா யாழ்ப்பாணத்தில இதுகளை வாங்கிறவை கவனியுங்கோ. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணத்துத் தண்ணியில தேத்தண்ணிக்கு மேல ஆடை படியும், அந்த மெல்லிய வாசம் அமுங்கிப் போகும். தண்ணியைக் கொதிக்கவைச்சு ஆறவிட்டு, அடியில படிஞ்சதை விட்டுத் தெளிவை வார்த்துத் திரும்பச் சூடாக்குங்கோ. மழைத்தண்ணி இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைத் தேயிலைக்குக் கொதிக்கக் கொதிக்க ஊத்த வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும். பாலும் சீனியும் போடாதேங்கோ. பால் தேத்தண்ணிக்கு டஸ்ட் எண்ட பொடித் தேயிலைத் தூளே போதும்.