சிஎம்சி பசை: சாப்பிடலாமா, கூடாதா?

கேக்கில் சர்க்கரைப் பூ ஒட்டும் சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பவுடர் வால்பேப்பர் பசைக்கான ரசாயனம், தண்ணீரில் கரையாமல் கட்டி கட்டியாக மிதப்பதே அதற்கு ஆதாரம் என்று ஒரு கருத்தைச் சிலர் பகிர்கிறார்கள். பகிர்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

சிஎம்சி, செடிகளில் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளை வேதிமுறையில் மாற்றி எடுப்பது. தொழிற்சாலைத் தரம் உண்டு, உண்மைதான். உணவுக்கென்று சுத்திகரித்த தரம் தனி; உணவுச் சேர்க்கையாக அதன் எண் 466. வீட்டில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் திருப்பிப் பாருங்கள், ஸ்டெபிலைசர் (கலவை பிரியாமல் வைக்கும் பொருள்) வரிசையில் பலவற்றில் இந்த எண் இருக்கும்.

கட்டி விஷயத்தையும் நீங்களே சோதிக்கலாம். கால் டீஸ்பூன் பவுடரை, கொதித்து ஆறிய 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் போட்டு ராத்திரி ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள். வெள்ளை வெள்ளையாக மிதந்ததெல்லாம் காலையில் தெளிந்த கூழாகிவிடும். ஊற நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், வாங்கும்போது டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். லேபிள் இல்லாமல் கவரில் கட்டித் தருவதை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.