கல்லில் 'சைக்கிள் கடை' என்று எழுதுங்கள்

போன வாரம் எங்கள் சைக்கிள் கடை மாமாவை அடக்கம் செய்தோம். நேற்று அவருடைய மகன் போன் செய்தான். "அக்கா, கல்லறையில் அப்பா பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும். 'ஏழைகளின் வள்ளல்' என்று போடலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லோரும் அவர் கணக்குப் பார்க்காமல் உதவியவர் என்றார்கள். மாமா கணக்குப் பார்க்காத நாளே கிடையாது. நான் பள்ளியில் படித்த காலத்தில் வாடகை சைக்கிள் மணிக்கு ஒரு ரூபாய். பத்து நிமிடம் தாமதமாகக் கொண்டுவந்தால் அதற்கும் காசு உண்டு. மாதா கோயிலுக்குத் தினமும் வருகிற வீட்டுப் பிள்ளை என்று எனக்கு ஒரு பைசா குறைத்ததில்லை. அதே மனிதர், புது டயர் வேண்டும் என்று வந்து நின்ற மீன்பாடி வண்டிக்காரரிடம் (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டி அது) டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு மாதம் தாங்கும், போய்விட்டு வா" என்று அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று காலையிலிருந்து கடையில் போணி ஆகியிருக்கவில்லை.

பஞ்சர் ஒட்டுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்வார். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்த மாட்டார். முழுச் சுற்றும் பார்ப்பார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருப்பார். அவசரம் என்று யார் கத்தினாலும் அந்த நேரம் குறையாது. பிறகு டயருக்கு உள்ளே விரலை விட்டு மெதுவாகத் தடவிக்கொண்டே போவார். முள்ளோ கம்பியோ உள்ளே தங்கியிருந்தால் அடுத்த தெருவிலேயே மறுபடியும் காற்று இறங்கிவிடும் அல்லவா? அந்தத் தேடலில் எத்தனை முறை விரல் கிழிந்திருக்கும்! கோட்டம் எடுத்த சக்கரத்தை அவர் சுற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது, பூசையில் நற்கருணை உயர்த்தும் நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும்.

விடியற்காலைப் பூசைக்குக் கடைசி வரிசையில்தான் நிற்பார். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. பக்கத்தில் நின்றால் அந்த வாடை தெரியும். அதைச் சிலர் முகம் சுளித்துப் பார்த்ததும் எனக்குத் தெரியும், இன்றுவரை அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நம் இராயபுரத்துக்குப் பெயர் கொடுத்த இராயப்பரே, இயேசுவின் சீடரான பேதுருவே, மீன் பிடித்தவர். அவர் பெயரில் 1829-இல் எழுந்த நம் கோயில், படகோட்டிகள் கட்டியது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். அலையைத் தாண்டி மசூலா படகில் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவர்களின் உழைப்புக் காசு அந்தச் சுவரில் இருக்கிறது. அப்படிப்பட்ட கோயிலில் கிரீஸ் வாடைக்கு முகம் சுளிக்க யாருக்கு உரிமை?

மீன்பாடி வண்டிகளுக்குப் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் பொருத்தும் வழக்கம் வந்தபோது, அந்த வேலையில் நல்ல காசு புரண்டது. மாமா ஒன்றுகூடச் செய்யவில்லை. மிதிக்கிற வேகத்துக்குப் போட்ட பிரேக் அந்த ஓட்டத்தைத் தாங்காது, எதிரில் வருவதும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான் என்றார். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். மாமி நகையை அடகு வைத்த வருடம் அது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காசிமேட்டில் கடல் ஏறி இறங்கிய பிறகு, மண்ணும் உப்பும் அடைத்த வண்டிகள் வரிசையாக வந்தன. சக்கரத்தைக் கழற்றி, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினார். இரவில் லாந்தர் வைத்துக்கொண்டும் செய்தார். அப்போதும் ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் கூலி எழுதினார். ஏன் எழுதுகிறீர்கள், இவர்கள் எங்கிருந்து கொடுப்பார்கள் என்று நான் கோபப்பட்டேன். "கொடுப்பார்கள் அம்மா. தர்மம் என்று சொன்னால் நாளைக்கு என் கடை வழியாகத் தலைநிமிர்ந்து போக மாட்டார்கள்" என்றார். அந்த நோட்டை எடுத்து ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை. பலர் தாமாகவே வந்து கொடுத்தார்கள், சிலருக்கு மூன்று நான்கு வருடம் ஆனது. அவர் வாங்கிக்கொண்டு கோடு போட்டு அடித்தார்.

தம்பி, இதைப் படித்தால் புரியும் என்று நினைக்கிறேன். 'வள்ளல்' என்று எழுதினால், காசு கொடுத்து அந்தக் கோட்டைப் போடவைத்த அத்தனை பேரையும் பிச்சை வாங்கியவர்களாக்கிவிடுவோம். அப்பாவுக்கு அது பொறுக்காது. பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே 'சைக்கிள் கடை, கல்மண்டபம்'. கல்லில் இடம் மிச்சமிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.